செல்லக்கிளி, பதில் சொல்லு

ராஜாங்கம் உயிரோடு இருந்தவரை யாருக்கும் வழி விட்டதில்லை.

செத்த பிறகும் வழியை மறித்துத்தான் கிடந்தார்.

கல்வராயன் மலையின் கிழக்கு விளிம்பு. அவருடைய மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதன் குறுக்கே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பிளந்த பின்மண்டை...

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவரை முதலில் பார்த்தவன் அஜித்குமார்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மூச்சு இருக்கிறதா என்று தூக்கி மடியில் வைத்துப் பார்த்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

நல்லது செய்யப் போனவன் ராத்திரியெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

*

ஞாயிறு, மதியம் இரண்டு மணி.

மலையடிவாரப் போலீஸ் ஸ்டேஷன். மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வீரமணி கேஸ் கட்டை மூடினார்.

"முடிஞ்சுது மெர்லின். ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வூட்டுக்குக் கூட்டிக்கினு போயி ரிமாண்ட் வாங்கிடுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மெர்லின் நகரவில்லை.

"அவன் பண்ணலன்னு தோணுது சார்."

"தோணறதுக்கெல்லாம் ஃபார்ம் கெடையாதும்மா. வெள்ளிக்கெழம டீக்கடையில ராஜாங்கத்துக்கும் இவனுக்கும் சண்டை. 'வழியில பள்ளம் வெட்டினா ஒன்ன அதுலயே போட்டு மூடிடுவேன்'னு இவன் சொன்னத பதினாலு பேரு கேட்டிருக்காங்க. மறுநாளு அவரு காலி. இவன் சட்டையில ரத்தம். வேற இன்னா வேணும்? ராஜாங்கமே எழுந்து வந்து அடையாளம் காட்டணுமா?"

"பள்ளத்துல போட்டு மூடலியே சார்."

"நேரமில்ல போல."

மெர்லின் வெளியே பார்த்தாள். வேப்பமர நிழலில் அஜித்குமாரின் அம்மா சின்னப்பொண்ணு, மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இஸ்திரி போட்ட புதுச் சட்டை.

அஜித்குமார் நாலு முறை பரீட்சை எழுதி ஐந்தாவது முறை தேறியவன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் அரசு வேலையில் சேர வேண்டும். ரிமாண்ட் ஆனால் அந்த வேலை உத்தரவில் பஜ்ஜி மடிக்கலாம்.

காலையிலிருந்து அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"மேடம், நாளைக்குப் பத்து மணிக்குள்ள உட்டுடுவாங்களா?"

மெர்லினும் மூன்று முறை எழுதிய பிறகுதான் இந்தக் காக்கியைப் போட்டவள். அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது.

"சார், ராஜாங்கத்துக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. அந்த மலை நெலம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு. ரிசார்ட் கட்டறவங்க கேட்டுக்கினே இருக்காங்க. தம்பி ரெடி. அண்ணன் மட்டும் கையெழுத்து போடல. இப்போ அந்தக் கையெழுத்தே தேவையில்ல."

"தம்பிய விசாரிச்சுட்டேன். நேத்து அவரு நடுக்கடல்ல இருந்தாரு."

"யாரு? வடக்கனந்தல் தங்கதுரையா? கடல்லயா?"

"கரும்பு போட்டு அலுத்துப்போயி கடலூர்ல ஒரு ஃபைபர் போட் வாங்கியிருக்காரு. செல்லக்கிளின்னு பேரு. ஆளு வெளியதான் இருக்காரு. வேணும்னா நீங்களே கேளுங்க. அழுதுக்கினு இருக்காரு, பாத்துக் கேளுங்க."

*

தங்கதுரைக்கு நாற்பத்தெட்டு வயது. கைக்குட்டை கண்ணிலேயே இருந்தது.

"காத்தால ஆறு மணிக்குத் தனியா போட்ட எடுத்துக்கினு போனேங்க. நேர் கெழக்க, பன்னெண்டு மைலு. வயர்லெஸ்ல ரெண்டு வாட்டி கரைக்குப் பேசினேன். மூணு அஞ்சுக்கு ஒண்ணு. நாலு இருவதுக்கு ஒண்ணு. அங்க நோட்டுல எழுதிக்குவாங்க. கேட்டுப் பாருங்க."

"நிமிஷத்தோட ஞாபகம் வெச்சிருக்கீங்களே."

"அண்ணன் செத்த நாளு மேடம். மறக்குமா?"

"அப்போ அண்ணன் செத்தது ஒங்களுக்குத் தெரியாதே."

கண்ணீர் ஒரு விநாடி நின்றது.

பிறகு பழையபடி வந்தது.

வீரமணி தொண்டையைச் செருமினார். "மெர்லின்... துக்க வூட்டுக்காரரு."

மெர்லின் கணக்குப் போட்டாள். மூணேகாலுக்கு டீக்கடைப் பழனி மலையில் ராஜாங்கத்துக்கு டீ கொடுத்திருக்கிறார். நாலரைக்குப் பிணம். நடுவில் ஒன்றேகால் மணி நேரம். கடலில் பன்னிரண்டு மைல் உள்ளே இருக்கும் ஆள் அதற்குள் மலைக்கு வந்து, அடித்து, திரும்பவும் முடியாது. ஹெலிகாப்டர் வைத்திருந்தாலும் கஷ்டம்.

தொலைபேசியை எடுத்தாள்.

*

கடலூரில் மீனவர்கள் தாங்களாகவே நடத்தும் ஒரு ரேடியோ அறை. கரையிலிருந்து படகுகளுக்கு வானிலை சொல்வதும், படகுக்கு ஆபத்து என்றால் ஆள் அனுப்புவதும் அதன் வேலை.

"கரை ரேடியோ. இஞ்ஞாசியம்மாள். படகு பேரு சொல்லு."

"படகு இல்லீங்க. போலீஸ். கல்வராயன் மலையடிவாரத்துலேருந்து."



"மலைக்கு எப்பம்மா கடல் வந்துது?"

மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே."

"பொறந்தது ரிஷிவந்தியம். வாக்கப்பட்டது கடலுக்கு. இன்னா வேணும் சொல்லு. வானிலை படிக்கற நேரமாச்சு."

"நேத்து செல்லக்கிளின்னு ஒரு படகு ஒங்களுக்குப் பேசிச்சா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்த நாயப் புடிச்சுட்டீங்களா?"

"எந்த நாய்?"

"செல்லக்கிளி ஓனரு. இரு, நோட்ட எடுக்கறேன்... மூணு அஞ்சு. செல்லக்கிளி. நேர் கெழக்க பன்னெண்டு மைலு. பதினாறாம் சேனல்ல வந்தான். வானிலை இன்னான்னு கேட்டான். பதினாறுல கதை பேசக் கூடாது, அது கூப்புடறதுக்கும் உசுரு ஆபத்துக்கும் இருக்கற சேனலு, பத்துக்கு மாறுன்னேன். மாறினான். காத்து கம்மி, அலை கம்மி, பயமில்லன்னு படிச்சேன். சரின்னான். அதோட ஆளு காணோம்."

மெர்லின் பேனாவை மூடினாள். தங்கதுரை சொன்னது அப்படியே நோட்டில் இருந்தது.

"சரிங்கம்மா. அவ்ளோதான் கேக்கணும்."

"எங்க போற? இன்னும் நான் சொல்லவே ஆரம்பிக்கல. மூணு இருவத்தஞ்சு. மேடே வந்துது."

"மேடேன்னா?"

"சாவக் கெடக்கறோம், யாராச்சும் வாங்கன்னு அர்த்தம். மூணு வாட்டி சொல்லுவாங்க. வேற ஒரு படகு. ரெண்டு பேரு. தண்ணி ஏறிக்கினு இருக்குது, ஆரஞ்சுப் புகை வுட்டிருக்கோம்னாங்க. எடம் இன்னா தெரியுமா? நேர் கெழக்க பதினோரு மைலு."

மெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செல்லக்கிளிக்கு ஒரு மைலு பக்கத்துல."

"ஆமா. பத்து நிமிஷத்துல போயி தூக்கியிருக்கலாம். கடல்ல ஒரு வழக்கம் இருக்குதும்மா. எவன் கூப்புட்டாலும் பக்கத்துல இருக்கறவன் போவணும். வெட்டுப்பழி குத்துப்பழியா இருந்தாலும் போவணும். அதுக்கோசரம்தான் கடல்ல இருக்கற வரிக்கும் பதினாற அணைக்கவே கூடாது. நான் கூப்புட்டேன். செல்லக்கிளி, பதில் சொல்லு. செல்லக்கிளி, பதில் சொல்லு. பதினோரு வாட்டி. தொண்டையே போயிடுச்சு..."

 ஒரு நாள் கழித்தும் இஞ்ஞாசியம்மாளுக்கு ஆறவில்லை.

"அந்த ரெண்டு பேரு?"

"ஐஸ் பொட்டியப் புடிச்சிக்கினு ரெண்டு மணி நேரம் மெதந்தாங்க. தூரமா இருந்த படகு போயி தூக்கிச்சு. பொழச்சாங்க. ஆனா கூத்து அதில்ல. நாலு இருவது. சேனல்ல எல்லாரும் கத்திக்கினு இருக்கோம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல செல்லக்கிளி வரான். 'இங்க எல்லாம் அமைதியா இருக்கு. காத்து சுகமா இருக்கு. கெளம்பறேன்'ன்றான். பட்டுனு அணைச்சுட்டான்."

"நீங்க கத்தறது அவனுக்குக் கேக்கலியா?"

"கேட்டாத்தான? கடல்காரன் செட்ட போட்டா மொதல்ல காது குடுப்பான். அப்புறம்தான் வாயத் தொறப்பான். யாராச்சும் ஆபத்துல இருந்தா வாயே தொறக்க மாட்டான். இவன் செல்போன் மாரி பேசிட்டு கட் பண்ணிட்டான்."

பேசிட்டு கட் பண்ணிட்டான்...

மெர்லின் மெதுவாகக் கேட்டாள்.

"கல்வராயன் மலை விளிம்புல நின்னு அந்த வயர்லெஸ்ல பேசினா ஒங்களுக்குக் கேக்குமாம்மா?"

மறுமுனையில் நோட்டு பட்டென்று மூடிக்கொண்டது.

"அடப்பாவி..."

"கேக்குமா?"

"கேக்கும். அதுக்குத் தூரம் முக்கியமில்ல, உசரம்தான் முக்கியம். நடுவுல ஒண்ணும் மறைக்கலன்னா நேரா வந்துடும். மூவாயிரம் அடி மேல, கெழக்கப் பாத்து, நல்ல பேட்டரியும் ஏரியலும் இருந்தா எங்க டவருக்குப் பக்கத்து வூட்ல பேசற மாரி கேக்கும்." மூச்சு வாங்கினாள். "இங்க நாப்பது பேரு அவன் வந்தா கைய கால எடுத்துடறதுன்னு இருக்காங்க. ஆளு அங்கதான் இருக்கானா?"

"வானிலைக்கு நேரமாச்சுன்னீங்களே" என்று சொல்லி மெர்லின் போனை வைத்தாள்.

*

வீரமணி முழுதும் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"மலையிலேருந்து பேசியிருக்கலாம். ஒத்துக்கறேன். பேசினான்னு யாரு சொல்லுவாங்க? நடுவுல பேட்டரி மக்கர் பண்ணுச்சுன்னு அவன் வக்கீலு ஒரே வரியில முடிச்சுடுவான். இந்தப் பக்கம் பாரு. ரத்தச் சட்டை, பதினாலு சாட்சி. மணி நாலு ஆவுது."

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"தங்கதுரைய வூட்டுக்கு அனுப்பப் போறேன்."

வீரமணி அவளைப் பார்த்த பார்வையில் இடமாற்றல் உத்தரவு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

*

"உக்காருங்க" என்றாள் மெர்லின். "கடலூருக்குப் பேசிட்டேன். நீங்க சொன்னது அப்படியே நோட்டுல இருக்கு."

தங்கதுரை கைக்குட்டையை மடித்தார். "நான்தான் சொன்னேனே மேடம்."

"ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுக் கெளம்புங்க. 'நேற்று மதியம் மூன்று மணி முதல் நாலரை மணி வரை கடலூருக்கு நேர் கிழக்கே பன்னிரண்டு மைலில் என் படகில் இருந்தேன்.' சரியா?"

"சரிங்க."

"நல்லா படிச்சுப் பாத்துக்குங்க."

"படிச்சிட்டேங்க." போட்டார். அண்ணன் போட மறுத்த கையெழுத்துக்கும் சேர்த்துப் போட்டது போல நீளமாகப் போட்டார்.

மெர்லின் காகிதத்தை எடுத்து ஃபைலில் வைத்தாள்.

"மூணு இருவத்தஞ்சுக்கு ஒங்களுக்கு ஒரு மைலு பக்கத்துல ஒரு படகு முழுகுச்சு."

"முழுகுச்சா?"

"ரெண்டு பேரு தண்ணியில கெடந்தாங்க. செல்லக்கிளி, பதில் சொல்லுன்னு பதினோரு வாட்டி கூப்ட்டிருக்காங்க."

"அது... பேட்டரி வீக்குங்க."

"நாலு இருவதுக்கு நல்லா இருந்துதே. காத்து சுகமா இருக்குன்னு சொன்னீங்களாமே."

தங்கதுரை மடித்த கைக்குட்டையை மறுபடி பிரித்தார். 

"ரேடியோவ வுடுங்க. வெயிலு பளிச்சுனு இருந்துது. அவங்க ஆரஞ்சுப் புகை வுட்டிருக்காங்க. ஒரு மைலுல இருக்கறவருக்குத் தெரியாம போவுமா? நீங்க வேடிக்க பாத்துக்கினு இருந்துட்டு, காத்து சுகமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்கன்னு கடலூர்ல நாப்பது பேரு ஒங்கள தேடிக்கினு இருக்காங்க. அது என் கேஸ் இல்ல. நீங்க போவலாம்."

"நாப்பது பேரா?"

"கம்மியாகூட இருக்கும். வண்டியில எத்தினி பேரு ஏற முடியுமோ."

தங்கதுரை எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கொலை கேஸிலிருந்து தப்பித்த மனிதர், எவன் என்ன செய்துவிட முடியும்... நிமிர்ந்தே வெளியே போனார்.

வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது.

எட்டு பேர் குதித்தார்கள். எட்டு பேருக்கும் வெயிலில் கறுத்த உடம்பு, மடித்துக் கட்டிய கைலி. ஒருவன் தோளில் கயிற்றுச் சுருள். மற்றவர்கள் லாரியிலிருந்து ஆளுயர மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கழியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தான். முறியாது என்று தெரிந்ததும் திருப்தியாகத் தலையாட்டினான்.

பிறகு அவன் தற்செயலாகத் தங்கதுரையைப் பார்த்தான்.

தங்கதுரை போனதை விட வேகமாகத் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்..."

"இன்னும் போவலியா?"

"நான் கடல்ல இல்ல."

"கையெழுத்து போட்டிருக்கீங்களே."

"அது பொய்ங்க."

"ரேடியோ நோட்டுல இருக்குதே."

"அதுவும் பொய்ங்க. எனக்குக் கடலே ஒத்துக்காதுங்க. போட்ல ஏறினா குடலே வெளிய வந்துடும். யார வேணா கேளுங்க."

"பொய் சொல்லாதீங்க. நீங்க கடல்லதான் இருந்தீங்க. நான் நம்பறேன்."

"நம்பாதீங்க மேடம்." ஜன்னலைப் பார்த்தார். ஒருவன் கயிற்றில் சுருக்குப் போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மலையில இருந்தேன். சத்தியமா மலையிலதான் இருந்தேன்."

"மலையில இருந்ததுக்கு சாட்சி?"

"யாருக்கும் தெரியாமத்தான போனேன்..."

"அப்போ நான் எப்படி ஏத்துக்கறது? வெளிய போங்க சார். எனக்கு வேலை இருக்கு."

"இருங்க மேடம், இருங்க. போட்ட கடலூர்லயே உப்பனாத்து ஓரமா பொதருக்குள்ள கட்டி வெச்சிருக்கேன். செட்டையும் பேட்டரியையும் அதுலேருந்துதான் கழட்டிக்கினு பைக்ல போனேன். மூணு அஞ்சுக்குப் பேசிட்டு அணைச்சுட்டேன். அது பாட்டுக்குக் கத்தினா அண்ணன் உஷாராயிடுவாரு இல்ல? முடிச்சுட்டு மறுபடி போட்டு பேசினேன். உடனே அணைச்சுட்டேன். யாரு கூப்ட்டாங்க, யாரு முழுகினாங்க, ஒண்ணுமே எனக்குக் கேக்கல. அவங்ககிட்ட அதச் சொல்லுங்க மேடம்."

"முடிச்சுட்டுன்னா? இன்னாத்த முடிச்சுட்டு?"

தங்கதுரை மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"நெலத்துக்குப் பின்னால பாழுங்கெணறு இருக்கு. செட்டு, பேட்டரி, கடப்பாரை... மூணும் அதுலதான் கெடக்கு."

வீரமணி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். நேற்றிலிருந்து மலையில் பிணம் கிடந்த இடத்துக்குக் காவல் இருக்கும் ஏட்டு அய்யனாரைப் போலீஸ் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். அய்யனார் உடனே பதில் சொன்னார். போலீஸ்காரர், அணைத்துவைக்கும் பழக்கமில்லை.

முப்பது நிமிடம்.

"கெடைச்சுது சார். மூணும். கடப்பாரை முனையில முடி ஒட்டியிருக்கு. கெணத்துல தண்ணி இல்ல, அப்படியே இருக்கு."

வீரமணி பெருமூச்சு விட்டார். "போலீஸ்ல சொன்னது கோர்ட்ல நிக்காது. கெணத்துல எடுத்தது நிக்கும். அந்தப் பையன அனுப்பிடும்மா."

அஜித்குமார் வெளியே வந்தபோது மணி ஐந்தே முக்கால். சின்னப்பொண்ணு மகனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ரத்தச் சட்டை சாட்சியமாக ஸ்டேஷனிலேயே தங்கிவிட, வெற்றுடம்போடு நின்றவனுக்குப் பையிலிருந்த புதுச் சட்டையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"கசங்கிடும். நாளைக்குப் போடு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

மெர்லினுக்கும் கண் கலங்கியது. மறைக்க நினைத்தாள், முடியவில்லை.

"பத்து மணின்னா ஒம்போதரைக்கே போயி நில்லுடா."

"எட்டுக்கே போயிடுவேன் மேடம்."

*

ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போகும் ஜீப்பில் ஆள் மட்டும்தான் மாறியிருந்தது.

தங்கதுரையை வெளியே அழைத்து வந்தார்கள். அவர் மெர்லினின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டே நடந்தார். மூங்கில் கழிக்காரர்கள் எட்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் முன்னால் வந்தார்.

தங்கதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், நாங்க எலவனாசூர்கோட்டை பந்தல்காரங்க. செவ்வாக்கெழம இங்க ஒரு கல்யாணம். மைக் செட்டு கட்ட பர்மிஷன் வோணும். நாலு மணிலேருந்து நிக்கறோம், யாரும் இன்னான்னு கேக்கல."

தங்கதுரை கண்ணைத் திறந்தார்.

"நீங்க... கடலூரு இல்ல?"

"கடலூரா? நான் கடலயே பாத்ததில்லீங்க. இதோ இவன் மட்டும் ஒரு வாட்டி பாத்திருக்கான். பஸ் ஜன்னல்ல."

தங்கதுரை மெர்லின் பக்கம் திரும்பினார். இந்த முறை வந்தது உண்மையான கண்ணீர்.

"இது அநியாயம் மேடம். என்ன ஏமாத்திட்டீங்க."

மெர்லின் ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்க கடலுக்குப் போவாமலே கடல்ல இருந்தீங்க. அவங்களும் ஒரு மணி நேரம் மீன் புடிக்காமலே மீனவங்களா இருந்துட்டுப் போறாங்க... ஏறுங்க, காத்து சுகமா இருக்கு!"